ஆள் நன்றாகத்தானே இருக்கிறார், குரோமோசோம் பரிசோதனை எதற்கு?

கேள்வி: எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. இரண்டு முறை விந்துப் பரிசோதனை செய்தும் என் கணவருக்கு விந்தணு ஒன்றுகூட இல்லை என்றே வந்திருக்கிறது. ஆள் நல்ல உயரம், நோய்நொடி கிடையாது, தாம்பத்தியத்திலும் குறையில்லை. அவர் குடும்பத்தில் யாருக்கும் இந்தப் பிரச்சினை இருந்ததில்லை. முதலில் போன மையத்தில் உடனே டோனர், அதாவது வேறொருவர் தரும் விந்தணு, என்று சொல்லிவிட்டார்கள். இப்போது பார்க்கும் டாக்டர் கேரியோடைப், ஒய் மைக்ரோடெலிஷன் என்று இரண்டு ரத்தப் பரிசோதனைகள் எழுதியிருக்கிறார். குரோமோசோமில் குறை இருந்தால் பிறந்தபோதே தெரிந்திருக்காதா? இந்தச் செலவு அவசியம்தானா?

பதில்: அவசியம். இப்போது பார்க்கும் டாக்டர் சரியான வரிசையில் போகிறார். கேரியோடைப் என்பது குரோமோசோம்களை எண்ணி, அவற்றின் வடிவத்தைப் பார்ப்பது. ஒய் மைக்ரோடெலிஷன் என்பது ஒய் குரோமோசோமில் சிறு துண்டு ஏதும் காணாமல் போயிருக்கிறதா என்று பார்ப்பது. டோனரோ, விரையிலிருந்து விந்தணு எடுக்கும் ஆபரேஷனோ, விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் இக்ஸியோ, எதை முடிவு செய்வதற்கும் முன்னால் இந்த இரண்டு ரிப்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். நான் குரோமோசோம் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவன். ஆபரேஷன் முடிந்து, பணமும் போய், ஒன்றும் கிடைக்காத பிறகு ரத்தம் கொடுக்க வருகிறவர்களைப் பார்க்கும்போது, இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று மனசு கேட்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிறந்தபோதே தெரிந்திருக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் தெரியாது. குரோமோசோம் கோளாறு என்றதும் டவுன் சிண்ட்ரோம் மாதிரி பார்த்தவுடன் தெரியும் ஒன்றைத்தான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் பல கோளாறுகள் உடம்பின் வேறு எந்த வேலையையும் தொடுவதில்லை. விந்தணு உற்பத்தியை மட்டும் நிறுத்திவிடும். பொதுவாகப் பிறக்கும் குழந்தைகளில் சுமார் 200 பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு குரோமோசோம் மாற்றம் இருக்கிறது. விந்தணுவே இல்லாத ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 100 பேரில் ஏறத்தாழ 15 ஆகிவிடுகிறது.

ஏன் விந்தணுவை மட்டும் பாதிக்கிறது? ஈரலோ மூளையோ வேலை செய்ய, குரோமோசோமில் உள்ள தகவல் சரியாக இருந்தால் போதும், அது எந்த வரிசையில் இருந்தாலும் பெரிதாகக் கெடுதல் இல்லை. விந்தணு உருவாகும்போது மட்டும் கூடுதலாக ஒன்று நடந்தாக வேண்டும். மனிதனுக்கு 46 குரோமோசோம்கள், அதாவது 23 ஜோடி. அப்பாவிடமிருந்து வந்த ஒவ்வொன்றும் அம்மாவிடமிருந்து வந்த தன் இணையைத் தேடிப் பிடித்து, நீளவாக்கில் ஒட்டி, துண்டுகளைப் பரிமாறிக்கொண்டு, பிறகு ஆளுக்கொரு பக்கம் பிரிய வேண்டும். ஆணிடம் ஒரு ஜோடியாக இருக்கும் எக்ஸும் ஒய்யும் அளவில் ஏணி வைத்தாலும் எட்டாதவை, ஆனாலும் நுனியில் ஒரு சின்னப் பகுதியில் அவையும் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும். இணை சேராத குரோமோசோம் ஒன்று மிச்சமிருந்தால் அந்தச் செல்லை விரையே அழித்துவிடுகிறது. பெண்களின் முட்டை உருவாகும்போது இந்தக் காவல் இவ்வளவு கடுமையாக இல்லை. அதனால்தான் ஒரே குரோமோசோம் மாற்றம் உள்ள அண்ணனுக்கு விந்தணுவே இல்லாமலும், தங்கைக்குக் கரு தங்கித் தங்கிக் கலைவதாகவும் இருக்கலாம்.

உங்கள் கணவரைப் போன்றவர்களிடம் நாங்கள் அதிகம் காண்பது கிளைன்ஃபெல்டர் சிண்ட்ரோம். ஆணுக்கு இருக்க வேண்டிய ஒரு எக்ஸ், ஒரு ஒய்யோடு இன்னொரு எக்ஸும் சேர்ந்து, மொத்தம் 47 ஆகியிருக்கும். 1942இல் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஹாரி கிளைன்ஃபெல்டரும் ஃபுல்லர் ஆல்பிரைட்டும் உடன் பணியாற்றியவர்களும் 9 ஆண்களைப் பற்றி எழுதினார்கள்: மார்பு சற்றுப் பெருத்து, விரை சிறுத்து, விந்தணு இல்லாமல் இருந்தவர்கள். அப்போது அதை ஹார்மோன் நோய் என்றே நினைத்தார்கள். மனிதனுக்கு 46 குரோமோசோம்தான் என்பதே 1956இல்தான் உறுதியானது. 1959இல் எடின்பரோவில் பட்ரீஷியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்ட்ராங்கும்தான் இப்படிப்பட்ட ஒருவரிடம் கூடுதல் எக்ஸைக் கண்டார்கள்.

இது அபூர்வமானது இல்லை. ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறது. விந்தணு இல்லாத ஆண்களில் 10 பேரில் ஒருவர் இந்த வகை. ஆனால் டென்மார்க்கில் நாடு முழுவதும் உள்ள பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, நான்கில் ஒருவருக்குத்தான் வாழ்நாளில் இது கண்டுபிடிக்கப்படுகிறது என்று தெரிந்தது. மற்றவர்கள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, கடைசிவரை தெரியாமலேயே இருந்துவிடுகிறார்கள். தெரியவருகிற பலருக்கும் தெரியவருவது குழந்தையின்மைக்காகப் போகும்போதுதான்.

நீங்கள் எழுதிய 'நல்ல உயரம்' என்ற விஷயத்தைக் கவனித்தேன். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது, உயரமான ஆண்கள் எத்தனையோ பேர். ஆனால் கூடுதல் எக்ஸ் இருப்பவர்கள் பலர் உயரமாக, குறிப்பாகக் கால்கள் நீண்டு இருப்பார்கள். தாடி, மார்பு முடி குறைவாக இருக்கலாம். சிறு வயதில் பேச்சு தாமதமாக வந்திருக்கலாம், எழுத்துக் கூட்டிப் படிப்பது சிரமமாக இருந்திருக்கலாம். இவை எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். தவறாமல் இருப்பது ஒன்று உண்டு: விரை சிறியதாகவும் கெட்டியாகவும் இருக்கும். வளர்ந்த ஆணுக்கு ஒரு விரை 15 மில்லிக்கு மேல் இருக்க வேண்டும், இவர்களுக்குப் பெரும்பாலும் 5 மில்லிகூட இருக்காது. தொட்டுப் பார்த்தாலே சந்தேகம் வந்துவிடும். இதில் எனக்கு உள்ள பெரிய ஆதங்கம், ஆணை மேஜையில் படுக்கவைத்துப் பரிசோதிக்கவே பரிசோதிக்காமல், விந்து ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டு மருந்து எழுதுவது இன்னும் நடக்கிறது. அந்த நேரத்தில் மனைவிக்கு எத்தனை ஸ்கேன், எத்தனை ஊசி!

அப்படியானால் அவர் முழு ஆண் இல்லையா என்ற பயம் வரும். வெளியே கேட்கக் கூச்சப்படுவார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அவர் ஆண்தான். ஒருவரை ஆணாக உருவாக்குவது ஒய்யில் உள்ள எஸ்ஆர்ஒய் என்ற மரபணு. எத்தனை எக்ஸ் கூட வந்தாலும் அது தன் வேலையைச் செய்துவிடுகிறது. தாம்பத்தியமும் பலருக்கு இயல்பாகவே இருக்கும். விந்து வெளிவருவதும் அதில் விந்தணு இருப்பதும் வேறு வேறு. அந்தத் திரவத்தின் பெரும்பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வருவது.

'குடும்பத்தில் யாருக்கும் இல்லையே' என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கூடுதல் எக்ஸ் பரம்பரையாக வருவதில்லை. அவருடைய அப்பாவின் விந்தணுவோ அம்மாவின் முட்டையோ உருவானபோது ஒரு ஜோடி பிரியாமல் ஒரே பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்பா பக்கத்திலிருந்தும் பாதிப் பேருக்கு அம்மா பக்கத்திலிருந்தும் வருகிறது. அம்மா கர்ப்பமாக இருந்தபோது சாப்பிட்டதோ செய்ததோ காரணமில்லை. சொந்தத்தில் கல்யாணம் செய்ததும் காரணமில்லை. மாமா மகள், அத்தை மகன் திருமணத்தால் கூடுவது வேறு வகை நோய்கள், அப்பா அம்மா இருவரிடமும் ஒரே மரபணுக் குறை மறைந்திருந்து பிள்ளையிடம் வெளிப்படுபவை. இரண்டையும் குழப்பிக்கொண்டு மாமியார் மீதோ சம்பந்திகள் மீதோ பழி போடுவதை நிறையப் பார்த்தாகிவிட்டது.

கிளைன்ஃபெல்டர் உள்ளவர்களுக்குக் குழந்தையே கிடையாது என்றுதான் 1990கள் வரை பாடப்புத்தகங்கள் சொல்லின. 1992இல் பிரஸ்ஸல்ஸில் இக்ஸி வந்தது, ஒரே ஒரு விந்தணுவை எடுத்து முட்டைக்குள் செலுத்தும் முறை. அப்புறம் நியூயார்க்கில் பீட்டர் ஷ்லெகல், விரையைத் திறந்து, ஆபரேஷன் மைக்ரோஸ்கோப்பின் கீழ் சற்றுத் தடித்து வெண்மையாகத் தெரியும் நுண்குழாய்களை மட்டும் பொறுக்கி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். மைக்ரோ டீஸ் என்பது இதைத்தான். பருவ வயதில் இவர்களின் விரையில் பெரும்பகுதி தழும்பாகிவிடும். ஆனாலும் அங்கங்கே ஒரு சில குழாய்கள் வேலை செய்துகொண்டிருக்கலாம். அங்கே உள்ள செல்கள் கூடுதல் எக்ஸைத் தற்செயலாக இழந்து 46 ஆகிவிட்டவை என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அனுபவமுள்ள கைகளில் 100 பேரில் 40 முதல் 50 பேருக்கு விந்தணு கிடைக்கிறது. அப்படிப் பிறந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் சாதாரண குரோமோசோம் எண்ணிக்கையுடனேயே பிறந்திருக்கிறார்கள். விந்தணு கிடைத்த எல்லோருக்கும் குழந்தை கிடைத்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். முட்டையின் தரம், கரு பதிவது என்று பல படிகள் இருக்கின்றன.

இங்கே ஒரு எச்சரிக்கை. டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருக்கிறது என்று யாராவது ஊசியோ ஜெல்லோ கொடுத்தால், குழந்தைக்காக முயற்சி செய்யும் காலம் முழுவதும் போட்டுக்கொள்ள வேண்டாம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை விரைக்குக் கொடுக்கும் உத்தரவை நிறுத்திவிடும். இருக்கிற கொஞ்ச நஞ்ச உற்பத்தியும் அடங்கிவிடும். விந்தணு தேடும் கட்டம் முடிந்த பிறகு அதே டெஸ்டோஸ்டிரோன் அவருக்குத் தேவைப்படலாம். கிளைன்ஃபெல்டர் என்று உறுதியானால் எலும்புத் தேய்மானம், சர்க்கரை நோய், காலில் ரத்தம் கட்டுவது ஆகியவற்றுக்கான வாய்ப்பு மற்ற ஆண்களைவிட அதிகம். குழந்தை பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் அவர் ஒரு ஹார்மோன் டாக்டரைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். இந்தப் பரிசோதனை அவசியம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். டோனர் என்று நேராகப் போயிருந்தால் இது தெரியாமலேயே போயிருக்கும்.

இரண்டாவது பரிசோதனைக்கு வருகிறேன். கேரியோடைப்பில் எல்லாம் சரி என்று வந்தாலும் ஒய் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு காணாமல் போயிருக்கலாம். 1976இல் இத்தாலியில் டியெபோலோவும் சுஃப்பார்டியும் விந்தணு இல்லாத 6 ஆண்களிடம் ஒய்யின் நீண்ட கை எனப்படும் நீளமான பகுதியின் முனை இல்லாததைக் கண்டு, விந்தணு உற்பத்திக்கான ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்றார்கள். இன்று அந்தப் பகுதியை ஏஇசட்எஃப் என்று சொல்லி, ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் குறைந்தது 50 லட்சம் டிஎன்ஏ எழுத்துகளுக்கு மேல் காணாமல் போயிருக்க வேண்டும். மிகச் சாதாரணமாகக் காணப்படும் சி பகுதி இழப்போ சுமார் 35 லட்சம் எழுத்துகள்தான். அதனால்தான் அதற்குத் தனியாக, குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டு இருக்கிறதா என்று தேடும் பிசிஆர் பரிசோதனை.

எந்தத் துண்டு போயிருக்கிறது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். சி மட்டும் போயிருந்தால் நம்பிக்கை இருக்கிறது. பாதிப் பேருக்கு ஆபரேஷனில் விந்தணு கிடைக்கிறது, சிலருக்கு விந்திலேயே கொஞ்சம் இருக்கும். காலப்போக்கில் அது குறையக்கூடும் என்பதால் கிடைப்பதை உறைய வைத்துவிடுவது நல்லது. ஏ முழுவதும் போயிருந்தால் விரையில் விந்தணுவுக்கான மூலச் செல்களே இருக்காது. பி முழுவதும் போயிருந்தால் உற்பத்தி பாதி வழியில் நின்றுவிடும். இந்த இரண்டிலும் ஆபரேஷனே செய்ய வேண்டாம் என்றுதான் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஒரு ரத்தப் பரிசோதனையின் செலவு, விரையைக் கிழித்துப் பார்க்கும் ஆபரேஷன், மயக்க மருந்து, அதற்கான கடன், அத்தனையையும் தவிர்க்கிறது.

சி இழப்பு உள்ளவருக்கு மகன் பிறந்தால் அதே ஒய்தான் போகும், அவனுக்கும் பிற்காலத்தில் இதே சிக்கல் வரும். மகளுக்கு ஒய் போவதில்லை. அப்படியானால் மகளாகவே பெற்றுக்கொள்ளலாமே என்று உடனே தோன்றும். கருவின் பாலினத் தேர்வை 1994ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். மகன் பிறந்தால் வளர்ந்த பின் அவனிடம் உண்மையைச் சொல்லி, இளம் வயதிலேயே பரிசோதித்துக்கொள்ளச் சொல்வதுதான் நடைமுறை.

மூன்றாவது வகை இடமாற்றம், குரோமோசோம் துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருப்பது. இரண்டு புத்தகங்களின் கடைசிப் பக்கங்கள் பைண்டிங்கில் மாறிப் போனதை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கம் எதுவும் தொலையவில்லை, அதனால் அவருக்கு ஒரு நோயும் இல்லை. ஆனால் ஒரே ஒரு புத்தகத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது சில பக்கம் கூடியும் சில பக்கம் குறைந்தும் போகலாம். இதில் ராபர்ட்சோனியன் வகை எங்கள் கூடத்தில் பழக்கமான ஒன்று. 13ஆம் குரோமோசோமும் 14ஆம் குரோமோசோமும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிடும், எண்ணினால் 45 வரும். சுமார் 1,000 பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு ராபர்ட்சோனியன் இணைப்பு உண்டு. இவர்களில் பலருக்கு விந்தணு முற்றிலும் இல்லாமல் போவதைவிடக் குறைவாக இருப்பதே வழக்கம், அல்லது எண்ணிக்கை சரியாகவே இருந்து மனைவிக்குத் திரும்பத் திரும்பக் கரு கலையும். கரு கலைந்தால் மனைவிக்கு மட்டும் கேரியோடைப் எழுதுவது போதாது, இருவருக்கும் எடுக்க வேண்டும். இடமாற்றம் தெரிந்துவிட்டால், உடலுக்கு வெளியே கரு உருவாக்கும் ஐவிஎஃப் முறையில் உருவான கருவை வைப்பதற்கு முன் பரிசோதித்து, பக்கம் கூடாமல் குறையாமல் இருக்கும் கருவை மட்டும் வைக்க முடியும். இந்த வகை குடும்பத்தில் தலைமுறையாக ஓடக்கூடியது. உங்கள் கணவருக்கு இது வந்தால் அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்கும் சொல்ல வேண்டும்.

அபூர்வமாக, 20,000 ஆண்களில் ஒருவருக்கு, இரண்டு எக்ஸ் இருந்து ஒய்யே இல்லாமல், எஸ்ஆர்ஒய் மட்டும் எக்ஸின் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அவர்களுக்கு ஏஇசட்எஃப் முழுவதும் இல்லாததால் விந்தணு தேடிப் பயனில்லை. இரண்டு ஒய் உள்ளவர்கள் சுமார் 1,000 பேரில் ஒருவர். அவர்களில் பெரும்பாலோருக்குக் குழந்தை பிறப்பதில் தடையில்லை.

பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. கையில் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். வெள்ளை அணுக்களைச் சுமார் 3 நாள் வளர்த்து, பிரியும் தறுவாயில் நிறுத்தி, சாயம் ஏற்றி, 20 செல்களுக்குக் குறையாமல் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போம். செல்கள் உயிரோடு வந்தால்தான் வளரும், அதனால் ரத்தத்தை உறையவைத்து அனுப்பக்கூடாது. ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதில் 46, எக்ஸ்ஒய் என்று இருந்தால் சாதாரணம். 47, எக்ஸ்எக்ஸ்ஒய் என்றால் கிளைன்ஃபெல்டர். சிலருக்கு இரண்டும் கலந்து வரும், மொசைக் என்று எழுதியிருப்போம், அவர்களுக்கு விந்திலேயே விந்தணு இருக்கும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். 9ஆம் குரோமோசோம் தலைகீழாக இருக்கிறது, அதாவது இன்வ் 9 என்று வந்தால் பயப்பட வேண்டாம். 100 பேரில் ஒருவருக்காவது இருக்கும் சாதாரண வேறுபாடு அது. அதையே காரணமாகச் சொல்லி யாராவது விலையுயர்ந்த சிகிச்சைக்குக் கூப்பிட்டால் இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள்.

இரண்டும் சரி என்று வந்தால்? அப்போதும் தேடல் முடிவதில்லை. விந்தணு உற்பத்திக்கு விரையைத் தூண்டும் எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன் இரண்டின் அளவுகளும் என்ன என்று பாருங்கள். எஃப்எஸ்ஹெச் சாதாரணமாக, விரை அளவும் சரியாக, விந்தின் அளவு மட்டும் மிகக் குறைவாக இருந்தால் உற்பத்தி நடந்தும் வழி அடைத்திருக்கலாம், பிறவியிலேயே விந்துக்குழாய் இல்லாமலும் இருக்கலாம். அவர்களுக்கு விந்தணு எடுப்பது மிகச் சுலபம். எஃப்எஸ்ஹெச் மிகக் குறைவாக இருந்தால் சிக்கல் மூளையில், அதற்கு ஹார்மோன் ஊசி போட்டே உற்பத்தியைத் தொடங்கவைக்க முடியும். வயதுக்கு வந்தபின் பொன்னுக்கு வீங்கி வந்து விரை வீங்கியதுண்டா, சிறு வயதில் விரை இறங்காமல் ஆபரேஷன் செய்ததுண்டா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

முதல் மையம் சொன்ன டோனர் வழியைப் பற்றி: அது தவறான வழி அல்ல. ஏ அல்லது பி இழப்பு என்று வந்தால் உங்களுக்கு எஞ்சியிருப்பது அதுவோ தத்தெடுப்போதான், அதில் எத்தனையோ குடும்பங்கள் நிறைவாக வாழ்கின்றன. காரணம் தெரியாமல், முதல் நாளே அதைச் சொன்னதுதான் தவறு. அந்த வழியில் போவதாக இருந்தால் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி விந்தணு பதிவு பெற்ற வங்கியிலிருந்துதான் வர வேண்டும், கொடுப்பவர் 21 முதல் 55 வயதுக்குள் இருக்க வேண்டும், நீங்கள் இருவரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். பிறக்கும் குழந்தை சட்டத்தின் பார்வையில் முழுக்க முழுக்க உங்கள் இருவருடையது. அந்தச் சம்மதப் படிவத்தில் உங்கள் கணவர் கையெழுத்துப் போடும் நாளில், தனக்கு ஏன் முடியவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரத்தம் கொடுக்க அவரைத் தனியாக அனுப்பாதீர்கள், கூடவே போங்கள்.